தெருக்குரலும் நமது கள்ள மௌனமும்

அறிவு எழுதிப் பாடிய 'தெருக்குரல்' 2019-ல் வந்தது. இசை ஆஃப்ரோ. அதற்கு முந்தின ஆண்டு 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் தொகுப்பான 'மகிழ்ச்சி' வந்தபோது அறிவு அந்தக் கூட்டத்தில் ஒரு குரல். சொந்தப் பெயரில், சொந்தச் சொல்லில் அவர் முதன்முதலாக நின்றது 'தெருக்குரலி'ல்தான். இங்கிலீஷ் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதிவிட்டன. சினிமாக்காரர்கள் அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். கவிதைக்காகவே உயிரை வைத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நம் வட்டத்தில் மட்டும் இதுவரை ஒரு வரி இல்லை.

எழுதாமல் விட்டது மறதியால் நேர்ந்ததல்ல. கேட்டால் காரணம் சொல்கிறார்கள். எனக்கு நேரிலும் கடிதத்திலும் சொல்லப்பட்ட காரணங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். சொன்னவர்களின் பெயர் தேவையில்லை. அவர்கள் இதைப் படிக்கிறவர்கள்தான். தங்கள் வாசகத்தை அவர்களே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ஒன்று, இது பாட்டு, கவிதை அல்ல. இரண்டு, இது கோஷம். மூன்று, இது இறக்குமதிச் சரக்கு. நான்காவதாக ஒரு கட்சி உண்டு. அவர்கள் இந்தத் தொகுப்பைப் பாராட்டுகிறவர்கள். மற்ற மூவரோடும் இருப்பதைவிடப் பெரிய சண்டை எனக்கு அவர்களோடு இருக்கிறது. அதைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன்.

முதல் காரணம். பாட்டிலிருந்து கவிதையைப் பிரித்தது புதுக்கவிதை. 1959-ல் சி. சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கிய காலத்தில் அது அவசியமான காரியமாக இருந்தது. சொல்வதற்கு ஒன்றுமில்லாததை ஓசையால் மூடி மறைத்துக்கொண்டிருந்த செய்யுள்காரர்களுக்கு எதிராக, காதை மூடிக்கொண்டு கண்ணால் படி என்று சொல்ல வேண்டியிருந்தது. அன்று மூடின காதை அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை. நம் கவிஞர்களில் பாதிப் பேருக்குத் தம் வரியையே உரக்கப் படிக்கத் தெரியாது. கவியரங்கத்தின்மேல் இருந்த வெறுப்பு ஒலியின்மேல் வெறுப்பாகவே கெட்டித்துவிட்டது.

நான் இருப்பது காஞ்சிபுரத்தில். இந்த ஊர்க்காரரான நாயனா பிள்ளை (1889–1934) லயத்தில் அசுரர் என்று பெயர் எடுத்தவர். அவருடைய கச்சேரியை 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்பார்கள். வயலின், மிருதங்கத்தோடு நிற்காமல் கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறைய ஆள் உட்காரும். கொன்னக்கோலுக்கு வாத்தியம் கிடையாது, வாய்தான். ஜதியைச் சொல்லாகச் சொல்லி அடுக்குவது. இதே ஊரில் பிறந்த டி. கே. பட்டம்மாள் நாயனா பிள்ளையின் பாட்டைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர். இவர்களைப் பற்றிப் பேசும்போது நம் நண்பர்களுக்குக் குரல் தழுதழுக்கிறது. நல்லது. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பொருளே இல்லாத சொல்லைத் தாளத்தில் அடுக்கினால் லய ஞானம். பொருளுள்ள சொல்லை அதே கணக்கோடு அடுக்கினால் மட்டும் அது எப்படி வெறும் பேச்சாகிவிடுகிறது? அருணகிரிநாதரின் சந்தத்தை இந்த ஊர் குமரகோட்டத்தில் நின்று கேட்டுவிட்டு வந்து, வேகம் பொருளைக் கொன்றுவிடும் என்று சொல்கிறவருக்குச் சந்தமும் புரியவில்லை, பொருளும் புரியவில்லை.

'தெருக்குரலி'ல் நடக்கிற காரியம் என்ன? ராப் என்ற வடிவம் பிறந்த மொழி இங்கிலீஷ். இங்கிலீஷில் ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் அழுத்தம் விழும் அசை ஒன்று உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு தாளத்தின்மேல் நடந்துவிடலாம். தமிழுக்கு அந்த மாதிரி அழுத்தம் கிடையாது. நமக்கு இருப்பது குறில், நெடில், ஒற்று. ஆகவே தமிழில் ராப் பாட வருகிறவனுக்கு இரண்டு வழி. ஒன்று, தமிழை இங்கிலீஷ் மாதிரி உச்சரிப்பது. இதுதான் சுலபம், பலரும் செய்தது இதுதான். இன்னொன்று, தமிழின் ஒலிக்குள்ளேயே தாளம் விழும் இடத்தைத் தேடுவது. மலேசியாவில் யோகி பி-யும் நட்சத்ராவும் 2006-ல் 'வல்லவன்' தொகுப்பைக் கொண்டுவந்தபோது இந்தத் தேடல் தொடங்கிவிட்டது. அறிவு அதை இன்னும் தூரம் கொண்டுபோகிறார். வல்லினம் இரட்டிக்கும் இடங்களை, க்க, ட்ட, த்த, ப்ப என்று வருகிற இடங்களை, தாளத்தின் அடி விழும் இடத்தில் கொண்டுவந்து வைக்கிறார். நெடிலில் மூச்சு வாங்கிக்கொள்கிறார். எதுகையும் மோனையும் வரிக்குள்ளே ஓட, இயைபு வரி முடிவில் பூட்டுகிறது. யாப்பருங்கலக் காரிகை படித்தவர் யாராவது நம்மில் இருந்தால் இதை என்னைவிட நன்றாகவே விளக்கலாம். இருக்கிறவர்கள் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள்.

'கோர்வை' என்ற சொல் இந்த ஊரில் இரண்டு இடத்தில் வழங்குகிறது. மிருதங்கக்காரர் தனியாவர்த்தனத்தை முடிப்பது கோர்வை வைத்து. தறிக்காரர் சேலையின் உடலையும் கரையையும் சேர்ப்பதும் கோர்வைதான். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். தனித்தனி நாடா ஓடி, இழைக்கு இழை ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். நெய்து முடித்த துணியில் கரையைத் தைத்து ஒட்டினால் அது வேறு சரக்கு, அதற்கு வேறு விலை. நம் சினிமாப் பாட்டில் பெரும்பாலானவை ஒட்டுக் கரை. மெட்டு முதலில் வரும், சொல் பிறகு வந்து ஒட்டும். 'தெருக்குரலி'ன் நல்ல பாட்டுகளில் சொல்லும் தாளமும் கோர்வையாக விழுந்திருக்கின்றன. ஒன்றை உருவினால் மற்றது நிற்காது. உருவ அமைதி பற்றி மூச்சுக்கு முந்நூறு தரம் பேசுகிற நாம் இதைக் கவனிக்க வேண்டாமா?

இரண்டாவது காரணம், கோஷம். இந்தச் சொல்லுக்கு நம்மிடையே ஒரு சரித்திரம் இருக்கிறது. 1971-ல் 'வானம்பாடி' வந்தபோது கிளம்பிய சண்டையில் கூர் தீட்டப்பட்ட ஆயுதம் இது. அந்தச் சண்டையில் நான் 'வானம்பாடி'யை எதிர்த்தவர்கள் கட்சிதான். விடியல், புரட்சி, சூரியன், ரத்தம் என்று எந்த ஊருக்கும், எந்தத் தேதிக்கும் பொருந்துகிற சொற்களை வைத்துக்கொண்டு, கேட்பவனுக்கு ஒரு படி மேலே நின்று முழங்கியதைக் கோஷம் என்று சொன்னது நியாயம். ஆனால் அந்தத் தீர்ப்பின் காரணத்தை மறந்துவிட்டு, தீர்ப்பின் நகலை மட்டும் எடுத்துத் தேதி மாற்றி இன்று இன்னொருவர் மீது சார்த்துவது விமர்சனமாகாது.

கோஷத்துக்கு அடையாளம் அதன் பொதுத்தன்மை. இந்தத் தொகுப்பில் ஒரு பாட்டின் தலைப்பு 'ஸ்னோலின்'. 2018 மே 22-ல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக ஊர்வலம் போன மக்கள்மீது போலீஸ் சுட்டது. அந்தத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். அவர்களில் ஒருத்தி ஸ்னோலின் என்ற பதின்வயதுப் பெண். பொதுச் சொல் எதுவும் வைக்காமல் அந்தப் பெயரையே தலைப்பாக வைத்தாரே, அதில் ஒரு தேர்வு இருக்கிறது. நம் ஊரில் செத்தவர் பெயரைச் சொல்லி அழுகிற ஒரு வடிவம் இருக்கிறது. அதற்கு ஒப்பாரி என்று பெயர். ஒப்பாரியில் 'மக்கள்' என்று யாரும் அழுவதில்லை. பெயர் சொல்லி, உறவு சொல்லி, அவள் என்ன செய்தாள் என்பதைச் சொல்லித்தான் அழுவார்கள். துப்பாக்கிச் சூட்டைப் பற்றி அந்த ஆண்டு நம் வட்டத்தில் எழுதப்பட்ட கவிதைகளில் எத்தனையில் ஒரு பெயர் இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். பறவையின் சிறகு இருந்தது. சிவந்த அந்தி இருந்தது. படிமம் என்ற பெயரில் நாம் செய்துகொண்டிருப்பதும் ஒருவகைப் பொதுச்சொல்தான் என்று எனக்குச் சந்தேகம் வருகிறது.

இன்னொரு பாட்டு 'ஆன்ட்டி இண்டியன்'. மாற்றுக் கருத்துச் சொன்னவர்மேல் எல்லாம் தமிழ்நாட்டில் சில ஆண்டுகள் வீசி எறியப்பட்ட வசை அது. எறிந்த கல்லைப் பொறுக்கி எடுத்துத் தலைப்பில் வைத்துக்கொண்டு எதிர்வழக்காடுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். அதைவிட ஒரு நகைச்சுவை உணர்வும் வேண்டும். கோஷம் போடுகிறவனுக்கு இல்லாதது அந்த உணர்வு.

தொகுப்பில் கோஷமே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. இயைபு கிடைத்த சந்தோஷத்தில் பொருள் அதன் பின்னால் ஓடுகிற இடங்கள் உண்டு. கேட்கிறவன் ஏற்கெனவே தன் கட்சிதான் என்ற நம்பிக்கையில் வரி தளர்ந்துபோகிற இடங்கள் உண்டு. நிறுத்தி ஒரு மௌனம் வைத்திருந்தால் தைத்திருக்கும் என்று தோன்றுகிற இடத்தில் இன்னும் நான்கு சொல் வந்து விழுகிறது. முதல் தொகுப்பில் எல்லோருக்கும் இருக்கிற பசி இது. இவற்றையெல்லாம் எழுத வேண்டும் என்றுதான் சொல்கிறேன். குறை எழுதுவதற்கும்கூட முதலில் கேட்க வேண்டும்.

மூன்றாவது காரணம் எனக்குச் சிரிப்பை வரவழைக்கிறது. இறக்குமதியாம். ந. பிச்சமூர்த்திக்கு வால்ட் விட்மன் வழி காட்டியதாக அவரே சொல்லியிருக்கிறார். அது கப்பலில் வந்ததா, காவிரியில் வந்ததா? எலியட், பாட்லேர், நெருடா என்று வரிசையாகக் கப்பல் இறக்கிய துறைமுகத்தில் நின்றுகொண்டு, ஒரு அரக்கோணத்துப் பையனின் கையிலிருக்கிற மைக்கைப் பார்த்து, இது எந்த நாட்டுச் சாமான் என்று சுங்கம் கேட்கிறோம்.

வெளியே போய்த்தான் பார்ப்போமே. 1983-ல் இங்கிலாந்தில் பில்லி பிராக் என்ற பாடகரின் முதல் தொகுப்பு வந்தது. ஏழே பாட்டு, மொத்தம் கால் மணி நேரம். ஒரு குரல், ஒரு எலெக்ட்ரிக் கிடார், வேறெதுவும் இல்லை. நாட்டார் பாடகன் ஊர்க்கதை சொல்லும் முறையையும், 1970-களின் பின்பாதியில் அங்கே கிளம்பிய பங்க் இசையின் கோபத்தையும் சேர்த்துக் கட்டியது. இந்தத் தொகுப்புக்கு 2 பவுன் 99 பென்ஸுக்கு மேல் கொடுக்காதே என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தது. விலையை உருவத்தின் ஒரு பகுதியாக்கிய செய்கை இது. சொந்த ஊர் உச்சரிப்பை மாற்றிக்கொள்ளாமல் பாடியதும் அப்படித்தான். இதை நம் நண்பர்களிடம் சொன்னால் 'அப்படியா, சுவாரஸ்யமாக இருக்கிறதே' என்று நிமிர்ந்து உட்காருவார்கள். சரி, 1907-ல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய பத்திரிகையின் பெயர் என்ன? 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பெயராக்கியவர் அவர், பிராக்குக்கு முக்கால் நூற்றாண்டு முன்னால். சாதியற்றவர் தமிழர் என்று அவர் எழுதிய கருத்திலிருந்துதான் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' தன் பெயரை எடுத்துக்கொண்டது. பா. ரஞ்சித்தும் டென்மாவும் சேர்த்த அந்தக் குழு 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் மேடை ஏறியபோது கானாவும் பறையும் கிடாரும் ராப்பும் ஒரே மேடையில் நின்றன. 'தெருக்குரல்' முளைத்தது அந்த மண்ணில். கருவி எங்கிருந்து வந்தால் என்ன? அதைப் பிடித்திருக்கிற கைக்கு வயது நூற்றுக்கு மேல்.

இனி நான்காவது கட்சி. இவர்கள் 'தெருக்குரலை'ப் பற்றி நல்ல வார்த்தை சொல்கிறார்கள். விளிம்பின் குரல் என்கிறார்கள். எதிர்ப்பின் அழகியல் என்கிறார்கள். எந்தப் பாட்டு நன்றாக இருக்கிறது, எது தேறவில்லை என்று கேளுங்கள். பதில் வராது. எல்லாமே முக்கியமான பதிவு என்பார்கள். ஒரு கவிஞனின் முதல் தொகுப்பு வந்தால் வரி வரியாகக் கிழித்துப் பார்க்கிறவர்கள், இந்த முதல் தொகுப்பைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். கலைஞனுக்குத் தரவேண்டிய கடுமையைத் தராமல் சலுகை தருகிறார்கள். அந்தச் சலுகைக்கு உள்ளே இருப்பது, இவனிடம் உருவம் பற்றியெல்லாம் எதிர்பார்க்க முடியாது என்கிற பழைய மேல்சாதித் தீர்மானம். முதல் மூவர் வாசலில் நிறுத்துகிறார்கள். நான்காமவர் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுக்கிறார். உள்ளே அழைத்தவர் யாரும் இல்லை.

இது நமக்குப் புதிய பழக்கமும் அல்ல. தமிழ் எழுத்தாளனுக்குப் பிற கலைகளில் ஸென்ஸிபிலிடி கிடையாது என்று வெங்கட் சாமிநாதன் ஆயுள் முழுக்கக் கத்தினார். அவர் தெருக்கூத்தைப் பற்றி எழுதினார். ந. முத்துசாமி புரிசைக்குப் போய்க் கூத்துப் பார்த்தார். 1977-ல் கூத்துப்பட்டறை வந்தது. காஞ்சிபுரத்திலேயே 1990-ல் கட்டைக்கூத்துச் சங்கம் ஏற்பட்டது. இவையெல்லாம் பெருமைப்பட வேண்டிய காரியங்கள். ஆனால் கூத்தை நாம் ஏற்றுக்கொண்டதில் ஒரு சௌகரியமும் இருந்தது. அதில் வருகிறவர்கள் துரியோதனனும் திரௌபதியும். அவர்கள் நம்மைப் பார்த்து எதுவும் கேட்கப் போவதில்லை. கிரீடத்தையும் புஜக்கட்டையையும் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பலாம். 'தெருக்குரல்' நம்மோடு ஒரே பஸ்ஸில் வருகிறது. நம் தெரு எது, நம் தெருவில் யார் குடியிருக்க முடியாது என்று அதற்குத் தெரியும். பழசாகிவிட்டால் கலை, இன்றையதாக இருந்தால் சத்தம் என்பதுதான் நாம் கடைப்பிடிக்கிற அழகியல் என்றால், அதை நாகரிகமாகத் தீட்டு என்றே சொல்லிவிடலாம்.

பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியில் இந்த ஊருக்குத் தேர்ச்சி அதிகம். வரதராஜப் பெருமாள் கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் உரிமை யாருக்கு என்று தென்கலையாரும் வடகலையாரும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கோர்ட்டுக்கு நடக்கிறார்கள். 2022-லும் அந்த வழக்கு உயர்நீதிமன்றத்தில் நின்றது. பாடுவதற்கு இங்கே அத்யாபக மிராசு என்று பெயர். நிலத்துக்கு மிராசு இருப்பது போலப் பாட்டுக்கும் மிராசு. அந்தப் பிரபந்தத்தில் பத்துப் பாசுரம் திருப்பாணாழ்வாருடையது. கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாதென்று காவிரிக் கரையில் நிறுத்தப்பட்டவர், கடைசியில் ஒருவர் தோளில் ஏறித்தான் உள்ளே போனார் என்பது குருபரம்பரைக் கதை. அவர் பாட்டுக்கு உள்ளே இடம் இருந்தது. அவர் காலுக்கு இல்லை.

2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' அறிவின் எழுத்து. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வையும் ஒப்பாரியையும் கொண்டு அவர் எழுதியது. பாட்டு உலகம் சுற்றியது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அந்தப் பாட்டைக் கொண்டாடி அட்டை போட்டபோது அட்டையில் அவர் முகம் இல்லை. கூச்சல் எழுந்த பிறகு வேறொரு அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டுப் பாடப்பட்டது. மேடையில் அறிவு இல்லை. ஏன் இல்லை என்பதில் இருதரப்பும் வெவ்வேறு சொன்னார்கள். யார் சொன்னது சரி என்கிற பஞ்சாயத்து எனக்கு வேண்டாம். அந்தப் பாட்டு மூவர் சேர்ந்து செய்தது என்று மற்றவர்கள் சொல்வதையும் மறுக்கப் போவதில்லை. எனக்கு உறைப்பது வேறு. ஒரு படைப்பில் யார் எதைச் செய்தார் என்று பிரித்துச் சொல்கிற வேலை விமர்சகனுடையது. சொல் யாருடையது, மெட்டு எங்கிருந்து வளர்ந்தது, தாளம் யார் கை என்று காதால் கண்டுபிடித்து எழுதி வைக்கிற ஒருவன் 2019-லேயே இருந்திருந்தால், 2021-ல் ஓர் அட்டைப்படத்தை வைத்துக்கொண்டு ஊர் அடித்துக்கொள்ள வேண்டியிருக்காது. நாம் எழுதவில்லை. எழுதாத இடத்தை விளம்பரக்காரன் எழுதிக்கொண்டான்.

கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். நெய்கிறவர் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுகிறவர் ஒருவர். கடையில் சேலை விற்கும்போது இரண்டு பேர் பெயருமே இருக்காது, கடைப் பெயர் இருக்கும். பட்டுக்கு அது வழக்கம் என்று ஊர் ஏற்றுக்கொண்டுவிட்டது. பாட்டுக்கும் அதுவே வழக்கமாகட்டும் என்று நாமும் விட்டுவிடுகிறோமா?

'தெருக்குரலி'ல் 'கள்ளமௌனி' என்று ஒரு பாட்டு இருக்கிறது. கள்ள மௌனம் என்பது நம் கட்டுரைகளில் பிறரைத் திட்டுவதற்கு நாம் வைத்திருக்கிற சொல். அரசியல்வாதியின் கள்ள மௌனம், பேராசிரியர்களின் கள்ள மௌனம் என்று எத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம். அந்தச் சொல் பாட்டில் ஏறித் தெருவைச் சுற்றி வந்து இப்போது நம் வாசலில் நிற்கிறது.

தொகுப்பின் பெயரையே பாருங்கள். 'திருக்குறளை' ஓர் எழுத்து இங்கே, ஓர் எழுத்து அங்கே மாற்றித் தெருவில் இறக்கியிருக்கிறார். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் காஞ்சிபுரத்துக்காரர் என்பது மரபு. அறம் என்றால் என்ன என்று சொல்வதற்கு அவர் மனுவைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். அந்த உரையோடுதான் தமிழ்நாடு பல நூற்றாண்டுகளாகக் குறளைப் படித்து வந்திருக்கிறது. உரைகாரன் கை எவ்வளவு நீளம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. குரலுக்கும் யாராவது ஓர் உரைகாரன் வரத்தான் போகிறான். கேட்கத் தெரிந்தவன் எழுதாவிட்டால், கேட்காதவன் எழுதுவான்.

எனவே ஆசிரியர் குழுவுக்கும் நண்பர்களுக்கும் என் கோரிக்கை இது. கவிதைத் தொகுப்புக்கு ஒதுக்குகிற பக்கத்தில் இந்த மாதிரித் தொகுப்புக்கும் இடம் கொடுங்கள். சலுகைப் பக்கமாக, சிறப்பிதழாக வேண்டாம். அதே மதிப்புரைப் பக்கம், அதே கடுமை. அறிவின் 'வள்ளியம்மா பேராண்டி' 2024-ல் வந்துவிட்டது. முதல் தொகுப்பிலிருந்து அது எங்கே வளர்ந்திருக்கிறது, எங்கே தேங்கியிருக்கிறது என்று எழுத இன்னும் ஆள் இல்லை. 'தெருக்குரல்' பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள். எந்தப் பாட்டு, எந்த இடம், ஏன் என்று சொல்லி எழுதுங்கள். பதில் எழுத நான் இருக்கிறேன்.